எல்லோரும் இருப்பதால் நானும் இருக்கிறேன்

2019இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏமி ஆர்பெனும் ஆண்ட்ரூ பிரிஸ்பில்ஸ்கியும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் எடுக்கப்பட்ட மூன்று பெரிய கணக்கெடுப்புகளிலிருந்து 3,55,358 வளரிளம் பருவத்தினரின் தரவுகளைத் திரட்டி, திரைகளோடு கழிக்கும் நேரத்துக்கும் அவர்களுடைய மனநலத்துக்கும் என்ன தொடர்பு என்று பார்த்தார்கள். தொடர்பு இருந்தது, பாதகமான திசையிலேயே இருந்தது. ஆனால் மனநலத்தில் ஒருவருக்கும் மற்றவருக்கும் காணப்படும் வேறுபாட்டில் டிஜிட்டல் தொழில்நுட்பம் விளக்கக்கூடிய பங்கு அதிகபட்சம் 0.4 சதவீதம்தான். அதே தரவில் உருளைக்கிழங்கு சாப்பிடுவதற்கும் மனநலத்துக்கும் உள்ள தொடர்பு ஏறக்குறைய அதே அளவு. கண்ணாடி அணிவதற்கு உள்ள தொடர்பு அதைவிட மோசம். சமூக ஊடகம் மனத்தைக் கெடுக்கிறது என்பதெல்லாம் பெற்றோரின் வீண் பதற்றம் என்று பேசுவோருக்கு அது கைக்கு வாகான எண்ணாக அமைந்துவிட்டது.

மூன்றாண்டு கழித்து, 2022 செப்டம்பரில், லண்டனில் நடந்த ஒரு மரண விசாரணையில் வேறொரு கணக்கு வாசிக்கப்பட்டது. மோலி ரஸ்ஸல் என்ற 14 வயதுச் சிறுமி 2017 நவம்பரில் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். அதற்கு முந்தைய ஆறு மாதங்களில் இன்ஸ்டாகிராமில் அவள் சேமித்த, லைக் போட்ட, பகிர்ந்த பதிவுகள் சுமார் 16,300. அவற்றில் 2,100 பதிவுகள் மனச்சோர்வு, சுயகாயம், தற்கொலை பற்றியவை. பின்டரஸ்ட் தளம் அவளுக்குப் பிடிக்கக்கூடும் என்று மனச்சோர்வுப் படங்களைத் தொகுத்து மின்னஞ்சலிலேயே அனுப்பியிருந்தது. அவள் தேடிப்போனவை சில இருக்கலாம். கேட்காமலே அவளைத் தேடி வந்தவை ஏராளம். இந்தப் பதிவுகள் அவளுடைய மரணத்துக்குப் புறக்கணிக்கத்தக்க அளவைத் தாண்டிக் காரணமாயின என்று விசாரணை அதிகாரி ஆண்ட்ரூ வாக்கர் பதிவுசெய்தார்.

0.4 சதவீதம் என்பதும் பொய்யில்லை, 16,300 என்பதும் பொய்யில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பத்தாண்டுகளாக உளவியலாளர்கள் சண்டையிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஜோனதன் ஹெய்ட் 2024இல் எழுதிய புத்தகத்தில், ஸ்மார்ட்ஃபோன் ஒரு தலைமுறையின் மூளையையே மாற்றிப்போட்டது என்றார். காண்டிஸ் ஓட்ஜர்ஸ் அதே ஆண்டு ‘நேச்சர்’ இதழில், அதற்கான சான்று போதாது என்று மறுத்தார். வாசகர் எந்தக் கட்சியில் சேருவது? என் பார்வையில் கேள்வியே கொஞ்சம் பிசகியிருக்கிறது. சராசரியைக் கேட்டால் சராசரிதான் பதிலாக வரும். மனம் உடைந்துபோகும் பிள்ளையும் வாட்ஸ்அப்பில் தோழியோடு அரட்டையடித்து உற்சாகமாகும் பிள்ளையும் ஒரே கணக்கில் கூட்டப்படும்போது அவர்களுடைய எண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன.

இதை ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் இனே பெயன்ஸும் சக ஆய்வாளர்களும் 2020இல் அழகாகக் காட்டினார்கள். சிறிய ஆய்வுதான், 63 இளம்பருவத்தினர். ஆனால் ஒருமுறை படிவம் நிரப்பச் சொல்லி அனுப்பிவிடாமல், ஒரு வாரம் நாளுக்குப் பலமுறை அவர்கள் கைபேசிக்கே கேள்வி அனுப்பி, 2,155 பதில்கள் வாங்கினார்கள். மற்றவர்களின் பதிவுகளைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்த பிறகு 46 சதவீதத்தினருக்கு மனநிலை மேம்பட்டது. 44 சதவீதத்தினருக்கு எதுவும் ஆகவில்லை. 10 சதவீதத்தினருக்கு மோசமானது. 63 பேரை வைத்து உலகத்துக்கே விதி எழுத முடியாது என்பது சரி. ஆனாலும் 40 பேர் கொண்ட ஒரு வகுப்பறையில் நான்கு பிள்ளைகள் என்று எண்ணிப் பார்த்தால் 10 சதவீதம் சின்ன எண்ணாகத் தெரியாது. யார் அந்த நான்கு பேர் என்பது ஆசிரியருக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. பல நேரம் அந்தப் பிள்ளைகளுக்கே தெரியாது.

இங்கே இன்னொரு சிக்கல் உண்டு. மனம் சோர்ந்தவர்கள்தான் அதிக நேரம் ஃபோனோடு இருக்கிறார்களா, அதிக நேரம் இருப்பதால் சோர்கிறார்களா? கணக்கெடுப்பு எவ்வளவு பெரிதானாலும் இதைச் சொல்லாது. இதற்கு விடை தேட ஃபேஸ்புக்கின் பிறப்பு வரலாறே ஒரு வாய்ப்பைத் தந்தது. 2004 பிப்ரவரியில் அது ஹார்வர்டு மாணவர்களுக்கு மட்டும் திறந்தது. பிறகு கொலம்பியா, ஸ்டான்ஃபோர்டு, யேல் என்று கல்லூரி கல்லூரியாகப் பரவி, 2006 செப்டம்பரில்தான் பொதுமக்களுக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் ஒரு கல்லூரியில் ஃபேஸ்புக் இருக்கும், அதேபோன்ற இன்னொரு கல்லூரியில் இருக்காது. லூகா பிராகியேரி, ரோயீ லெவி, அலெக்ஸி மகாரின் ஆகிய மூன்று பொருளாதார அறிஞர்கள் 775 கல்லூரிகளுக்கு ஃபேஸ்புக் வந்த தேதிகளை எடுத்துக்கொண்டு, அதே ஆண்டுகளில் நடந்த கல்லூரி மாணவர் உடல்நலக் கணக்கெடுப்போடு பொருத்திப் பார்த்தார்கள். ஃபேஸ்புக் வந்த இடங்களில் மனச்சோர்வின் அறிகுறிகள் கூடின. எவ்வளவு? வேலையை இழந்த ஒருவருக்கு மனநலத்தில் ஏற்படும் சரிவில் ஏறத்தாழ 22 சதவீதம். 2022இல் வெளிவந்த இந்த ஆய்வை நான் மிக முக்கியமாகக் கருதுவதற்கு ஒரு காரணம், அப்போதைய ஃபேஸ்புக்கில் முடிவில்லாத ரீல்ஸ் இல்லை, லைக் பொத்தான்கூட இல்லை. அது வந்தது 2009இல். சக மாணவர்களின் பக்கங்கள் மட்டுமே இருந்த, இன்றைக்கு அப்பாவியாகத் தெரியும் ஒரு தளம் இவ்வளவு செய்திருக்கிறது.

காரணம் என்ன என்றும் அவர்கள் துருவினார்கள். மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தன்னைக் குறைவாக நினைப்பதே முதன்மையான வழி என்பது அவர்கள் முடிவு. விடுதியில் தங்காமல் வெளியே தங்கியிருந்தவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள், வசதி குறைந்தவர்கள் என ஒப்பீட்டில் தோற்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தவர்கள் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். சுவையான துணைச்செய்தி ஒன்றும் கிடைத்தது. ஃபேஸ்புக் வந்தபின் சக மாணவர்கள் நிறையக் குடிக்கிறார்கள் என்ற எண்ணம் மாணவர்களிடையே வளர்ந்தது. உண்மையில் குடிப்பழக்கம் கூடியிருக்கவில்லை. கொண்டாட்டப் படங்கள் மட்டுமே பதிவேறினால், ஊரே தினமும் கொண்டாடுவதாகத்தான் தோன்றும்.

இந்த ஒப்பீடு நமக்குப் புதிதல்ல. பத்தாவது, பன்னிரண்டாவது தேர்வு முடிவு வெளியாகும் நாளில் ‘உங்க பையன் எவ்வளவு?’ என்ற கேள்வி எந்த ஊடகமும் இல்லாமலே தெருவைச் சுற்றி வந்ததுதான். ஆனால் தெருவுக்கு ஓர் எல்லை இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க அகப்பட்டவர்கள் இருபது வீடு, சொந்தத்தில் நாற்பது பேர். அவர்களுடைய கடனும் நோயும் மாமியார் சண்டையும் நமக்குத் தெரியும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகு, ஒப்பிடுவதற்குக் கிடைத்த ஆட்களின் எண்ணிக்கைக்கு எல்லையே இல்லாமல் போயிற்று. அவர்களுடைய கடன் மட்டும் நம் கண்ணில் படுவதில்லை. துபாயில் இருக்கும் சித்தி மகளின் வரவேற்பறையும், முன்பின் தெரியாத ஒருத்தியின் கல்யாணப் புடவையும், வயிற்றில் மடிப்பே இல்லாத உடம்புகளும் காலை காப்பியோடு வந்து இறங்குகின்றன. அழகுக்கான ஃபில்டர்களில் பல, முகத்தை மெலிதாக்குவதோடு நிறத்தையும் வெளுக்கச் செய்கின்றன. கறுப்பாக இருப்பதற்காகப் பிள்ளைகளை வீட்டுக்குள்ளேயே குத்திக்காட்டும் சமூகத்தில் இது என்ன செய்யும் என்று விளக்க ஆய்வு தேவையில்லை.

நிறுவனங்களுக்கு இது தெரியாததல்ல. 2021இல் ஃபேஸ்புக்கின் முன்னாள் ஊழியர் ஃபிரான்சஸ் ஹாகன் வெளிக்கொணர்ந்த உள் ஆவணங்களில், தங்கள் உடலைப் பற்றி ஏற்கெனவே வருந்திக்கொண்டிருந்த பதின்வயதுப் பெண்களில் 32 சதவீதத்தினர் இன்ஸ்டாகிராம் அந்த வருத்தத்தைக் கூட்டியதாகச் சொன்ன தகவல் இருந்தது. அது நிறுவனமே நடத்திய ஆய்வு. அதற்கும் முன்பு, 2012 ஜனவரியில், ஃபேஸ்புக் 6,89,003 பயனர்களின் பக்கத்தில் வரும் பதிவுகளில் மகிழ்ச்சியானவற்றையோ துயரமானவற்றையோ ஒரு வாரம் குறைத்துப் பார்த்தது. மகிழ்ச்சியான பதிவுகள் குறைந்தவர்கள் தாங்களும் சற்றே சோகமாக எழுதத் தொடங்கினார்கள். மாற்றம் மிக நுண்ணியது. ஆனால் இத்தனை லட்சம் பேரில் ஒருவரிடமும் தனியாக அனுமதி கேட்கப்படவில்லை. 2014இல் ஆய்வு அச்சேறியபோதுதான் உலகத்துக்கே தெரிந்தது.

விரல் நிற்காமல் தள்ளிக்கொண்டே போவதற்கும் காரணம் இருக்கிறது. பக்கம் முடிந்து ‘அடுத்து’ என்று அழுத்த வேண்டியிருந்த காலத்தில், நிறுத்துவதா தொடர்வதா என்று யோசிக்க ஒரு நொடி கிடைத்தது. 2006இல் ஏசா ராஸ்கின் வடிவமைத்த முடிவில்லா ஸ்க்ரோல் அந்த நொடியைப் பறித்துக்கொண்டது. பிற்பாடு அவரே அதற்காக வருந்தினார். எப்போது பரிசு விழும் என்று தெரியாதபோதுதான் புறா விடாமல் கொத்தும் என்று பி. எஃப். ஸ்கின்னர் ஆய்வுக்கூடத்தில் கண்டது சூதாட்ட இயந்திரங்களுக்குப் பொருந்தியது. இப்போது அடுத்த வீடியோவுக்கும் பொருந்துகிறது. 2016இல் கலிஃபோர்னியாவில் லாரன் ஷெர்மன் குழுவினர் 32 பதின்வயதினரை ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுக்கவைத்து, அவர்களுடைய சொந்தப் படங்களுக்கு நிறைய லைக் விழுந்ததாகக் காட்டினார்கள். பரிசு கிடைக்கும்போது மூளையில் விழித்துக்கொள்ளும் பகுதி அப்போதும் விழித்துக்கொண்டது. இந்த இடத்தில் பலரும் உடனே டோபமைன் என்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். இனிப்பு தின்றாலும் பாட்டு கேட்டாலும் அதே பகுதிதான் விழிக்கும் என்பதால் அந்த வாதத்தை மட்டும் வைத்துக்கொண்டு வெகுதூரம் போக முடியாது.

ஊடகம் தரும் நன்மையையும் சொல்லியாக வேண்டும். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது எந்தத் தெருவில் படகு தேவை, எந்தக் கல்யாண மண்டபத்தில் சாப்பாடு இருக்கிறது என்ற தகவல்கள் ட்விட்டரிலும் ஃபேஸ்புக்கிலும்தான் ஓடின. போருக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் தாயும் டொரன்டோவில் மகளும் பாரிஸில் மகனுமாகச் சிதறிய குடும்பங்களுக்கு வாட்ஸ்அப் காணொலி அழைப்புதான் வீட்டு முற்றம். ஆனால் உதவிக்கு வந்த அதே வழியில் பேரிடரின் காட்சியும் திரும்பத் திரும்ப வருகிறது. 2013இல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு அலிசன் ஹோல்மனும் சகாக்களும் 4,675 பேரிடம் கேட்டறிந்தபோது, அந்த வாரத்தில் நாளுக்கு ஆறு மணிநேரமோ அதற்கு மேலோ அது தொடர்பான செய்திகளைப் பார்த்தவர்களின் மன அழுத்தம், சம்பவ இடத்தில் இருந்தவர்களின் அழுத்தத்தைவிட அதிகமாக இருந்தது. வெள்ளமோ கூட்ட நெரிசலோ, ஒரு கொடுமை நடந்த நாளில் அதன் வீடியோக்களைப் பத்துக் குழுக்களில் பத்து முறை பார்ப்பதால் இறந்தவருக்கு ஆவது ஒன்றுமில்லை. செய்தி தெரிந்துகொள்ள ஒருமுறை போதும்.

தூக்கத்தைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. 2016இல் 20 ஆய்வுகளை, 1,25,198 சிறுவர்களின் தரவுகளோடு, ஒன்றுசேர்த்துப் பார்த்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், படுக்கும் நேரத்தில் கருவியைப் பயன்படுத்துவோருக்குத் தூக்கம் குறைவாக இருந்தது. பயன்படுத்தாவிட்டாலும் படுக்கையறையில் அது கைக்கெட்டும் இடத்தில் இருந்தாலே குறைவாக இருந்தது. ஃபோனை இரவில் கூடத்தில் சார்ஜ் போடுவதைவிட மலிவான வைத்தியம் எதுவும் இல்லை.

சரி, ஒருவர் தன் மனத்தைக் காத்துக்கொள்ளத் தானாக என்ன செய்யலாம்? இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஹன்ட் ஆல்காட், மேத்யூ ஜென்ட்ஸ்கோ முதலியோர் 2018 அமெரிக்க இடைக்காலத் தேர்தலுக்கு முன் நான்கு வாரம் ஃபேஸ்புக் கணக்கை முடக்கிவைக்கப் பயனர்களுக்குப் பணம் கொடுத்தார்கள். நாளுக்குச் சராசரியாக ஒரு மணிநேரம் மிச்சமானது. அதைக் குடும்பத்தோடும் நண்பர்களோடும் கழித்தார்கள். டிவியும் கூடுதலாகப் பார்த்தார்கள் என்பதை ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. அரசியல் வெறுப்பு கொஞ்சம் தணிந்தது, நாட்டு நடப்பு அறிவும் கொஞ்சம் குறைந்தது. மனநலம் மேம்பட்டது. உளவியல் சிகிச்சைகளால் வழக்கமாகக் கிடைக்கும் பலனில் 25 முதல் 40 சதவீதம் என்று அந்த முன்னேற்றத்தை அளவிட்டார்கள். சோதனை முடிந்த பிறகும் அவர்களுடைய ஃபேஸ்புக் நேரம் முன்பைவிடக் குறைவாகவே இருந்தது.

முழுக்க விடத் தேவையில்லை, குறைத்தாலே போதும் என்பதற்கும் சான்று உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மெலிசா ஹன்ட் 143 மாணவர்களில் ஒரு பகுதியினரை ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றுக்கும் நாளுக்குப் பத்து நிமிடம் என்று கட்டுப்படுத்தினார். மூன்று வாரத்தில் அவர்களுடைய தனிமையுணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. கவனிக்க வேண்டியது, கட்டுப்பாடே இல்லாமல் தங்கள் நேரத்தைக் கண்காணித்துவந்த மற்றவர்களுக்கும் பதற்றம் சற்றுக் குறைந்தது. செயலியைத் திறக்கும்போது சில நொடி காக்கவைத்து, ‘உண்மையிலேயே திறக்கணுமா?’ என்று கேட்கும் சிறு செயலியை ஜெர்மனியில் 280 பேரிடம் ஆறு வாரம் சோதித்தார்கள். திறக்க முயன்றபோதெல்லாம் 36 சதவீத முறை, கேள்வியைக் கண்டதும் மூடிவிட்டார்கள். ராஸ்கின் பறித்த அந்த ஒரு நொடியைத் திருப்பிக் கொடுத்ததுதான் அது செய்த வேலை. அறிவிப்புகளைப் பொறுத்தவரை ஒரு சிறு எச்சரிக்கை: நாளுக்கு மூன்று வேளை மொத்தமாக வரும்படி அமைத்தவர்களின் மனநிலை நன்றாக இருந்தது, அடியோடு நிறுத்தியவர்களுக்கோ எதையோ தவறவிடுகிறோம் என்ற பதைப்பு கூடியது.

இவையெல்லாம் நடுத்தரமான தொல்லைக்கு ஏற்றவை. ஆம்ஸ்டர்டாம் ஆய்வு காட்டிய அந்தப் பத்து சதவீதத்தில் ஒருவராக இருந்தால், பல வாரங்களாகத் தூக்கமும் பசியும் கெட்டு எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், வாழ்வதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் வந்தால், செயலியை நீக்குவதோடு நின்றுவிடக் கூடாது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் தொழில்நுட்பப் பயன்பாட்டுச் சிக்கல்களுக்கென்றே 2014 முதல் தனிச் சிகிச்சைப் பிரிவு இயங்குகிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. சென்னையில் லக்ஷ்மி விஜயகுமார் 1986இல் தொடங்கிய சிநேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பும் இருக்கிறது. சோர்ந்துபோன பிள்ளையிடமிருந்து ஃபோனைப் பிடுங்கி பீரோவில் பூட்டுவது பெற்றோர் பலரும் முதலில் செய்யும் வேலை. அந்தப் பிள்ளை பேசிக்கொண்டிருந்த ஒரே ஆள் அதற்குள்தான் இருந்திருக்கக்கூடும்.

ஆனாலும் தனிமனித உத்திகளைப் பற்றி இவ்வளவு எழுதிய பிறகும் மனம் ஒப்பவில்லை. சமூக ஊடகத்தில் நாம் கழிக்கும் நேரத்தில் 31 சதவீதம், நாமே வேண்டாம் என்று நினைத்தும் நிறுத்த முடியாத நேரம் என்று ஆல்காட் குழுவினர் இன்னொரு ஆய்வில் கணக்கிட்டார்கள். அப்படியானால் மீதியெல்லாம் நாம் விரும்பிச் செலவிடுவதா? இதற்குத்தான் 2023இல் லியோனார்டோ பர்ஸ்டின் முதலிய நால்வர் நடத்திய சோதனை வேறு வெளிச்சம் காட்டியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம், நான்கு வாரம் உங்கள் டிக்டாக் கணக்கை மூடிவைக்க எவ்வளவு பணம் வேண்டும் என்று கேட்டார்கள். சராசரியாக 59 டாலர் கேட்டார்கள். இன்ஸ்டாகிராமுக்கு 47 டாலர். இதுவரை வியப்பில்லை, பிடித்த பொருளை விட்டுக்கொடுக்க விலை கேட்பது இயல்பு. அடுத்த கேள்வி: உங்கள் கல்லூரியில் எல்லோருமே மூடிவிடுவதாக இருந்தால்? இப்போது எண் தலைகீழானது. அப்படி நடப்பதற்குத் தாங்களே பணம் கொடுக்கத் தயார் என்றார்கள்: டிக்டாக்குக்கு 28 டாலர், இன்ஸ்டாகிராமுக்கு 10 டாலர்.

இந்த நான்கு எண்களை நிதானமாக யோசிக்க வேண்டும். அந்த மாணவர்கள் இன்ஸ்டாகிராமில் இருப்பது அது இனிப்பதால் மட்டுமல்ல. மற்ற எல்லோரும் அங்கே இருக்கும்போது தான் மட்டும் இல்லாமல் போனால் பேச்சில், அழைப்பில், கேலியில்கூட இடமிருக்காது என்பதால். ஒவ்வொருவரும் மற்றவருக்காக உட்கார்ந்திருக்கிறார்கள். பாதி விருந்தில் முதலில் பந்தியை விட்டு எழுந்திருக்க யாருக்கும் துணிவு வராததைப் போன்றது இது. இந்த நிலையில் ஒருவரிடம் ‘உனக்கு மன உறுதி போதவில்லை’ என்று சொல்வது அவருடைய பாரத்தைக் கூட்டும்; தானே காரணம் என்ற குற்றவுணர்ச்சி ஏற்கெனவே இருந்த சோர்வோடு சேரும். பிரச்சினை கூட்டாக வந்தது. தனியாகத் தீர்க்கச் சொல்லும் அறிவுரைகள் பெரும்பாலும் தோற்பதற்குக் காரணம் இதுவென்றே நினைக்கிறேன்.

கூட்டு என்றதும் தடைச்சட்டம் நினைவுக்கு வரும். அதில் நமக்கே அனுபவம் உண்டு. 2019 ஏப்ரல் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக்கைத் தடைசெய்யச் சொன்னது. சில வாரங்களில் நிபந்தனைகளோடு தடை விலகியது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு, எல்லைப் பதற்றத்தை ஒட்டி, டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளை ஒரே இரவில் முடக்கியது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் உலகிலேயே முதலில் இங்கேதான் சோதனைக்கு விடப்பட்டது. மதுரைத் தெருக்களில் டிக்டாக்குக்கு ஆடிக்கொண்டிருந்தவர்கள் ரீல்ஸுக்கு ஆடத் தொடங்கினார்கள். ஒரு கடையை மூடினால் பக்கத்துக் கடையில் கூட்டம் சேரும் என்பது தெரிந்ததுதான். ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டோர் பெரிய தளங்களில் கணக்கு வைத்திருக்கத் தடை விதித்திருக்கிறது. மீறும் நிறுவனங்களுக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர்வரை அபராதம். தண்டனை பிள்ளைக்கோ பெற்றோருக்கோ இல்லாமல் நிறுவனத்துக்கு என்பது அதில் சரியான அம்சம். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், 18 வயது நிரம்பாதவர்களின் நடத்தையைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்கிறது. ஏட்டில் இது கடுமையான பிரிவு. நடைமுறைதான் பேச வேண்டும்.

பள்ளிக்குள் ஃபோனைத் தடுத்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு தகவல். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தினர் 30 பள்ளிகளில் 1,227 மாணவர்களை ஆராய்ந்து 2025இல் வெளியிட்ட முடிவின்படி, தடையுள்ள பள்ளி மாணவர்களுக்கும் தடையில்லாத பள்ளி மாணவர்களுக்கும் மனநலத்தில் வேறுபாடு தென்படவில்லை. காரணம் எளிது: பள்ளியில் விட்ட நேரத்தை வீட்டில் பிடித்துவிடுகிறார்கள், நாளின் மொத்த நேரம் குறையவில்லை. ஆக, கூட்டு முடிவு என்பது மணி அடித்ததும் முடிந்துவிடாமல் வீடுவரை வந்தாக வேண்டும்.

அப்படி வந்த இடங்கள் உண்டு. அயர்லாந்தின் கிரேஸ்டோன்ஸ் என்ற கடற்கரை ஊரில் 2023இல் எட்டு தொடக்கப் பள்ளிகளின் பெற்றோர்கள், தொடக்கப் பள்ளி முடியும்வரை பிள்ளைக்கு ஸ்மார்ட்ஃபோன் வாங்கித்தருவதில்லை என்று தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். சட்டமில்லை, அபராதமில்லை. ‘எல்லோரிடமும் இருக்கு, எனக்கு மட்டும் இல்லை’ என்ற பிள்ளையின் வாதம் அங்கே எடுபடாமல் போயிற்று என்பதுதான் அதன் பலம். அமெரிக்காவில் டெக்ஸஸில் தொடங்கிய இதேபோன்ற ஓர் உறுதிமொழி இயக்கத்தில் நுட்பமான விதி ஒன்று இருக்கிறது: ஒரு வகுப்பில் குறைந்தது பத்துக் குடும்பங்கள் கையெழுத்திட்ட பிறகே அந்த உறுதிமொழி நடைமுறைக்கு வரும். பர்ஸ்டினின் சோதனை வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே பெற்றோர்கள் அதன் உட்பொருளை உணர்ந்திருக்கிறார்கள்.

இன்னும் அருகில் ஓர் உதாரணம், மகாராஷ்டிர மாநிலம் சாங்லி மாவட்டத்தின் மோகித்யாஞ்சே வட்காவ் கிராமம். 2022இல் அந்த ஊர் கூடிப் பேசி ஒரு முடிவெடுத்தது. மாலை ஏழு மணிக்குச் சைரன் ஒலிக்கும். ஊரில் எல்லோரும் டிவியையும் ஃபோனையும் அணைத்துவிட வேண்டும். எட்டரைக்கு மீண்டும் போட்டுக்கொள்ளலாம். கொரோனா காலத்து இணைய வகுப்புகளுக்குப் பிறகு பிள்ளைகள் ஃபோனை விட்டு எழ மறுத்ததுதான் தொடக்கம். அங்கன்வாடி ஊழியர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வீடுவீடாகப் போய் எடுத்துச் சொன்னார்கள். இதை நவீனத்துக்கு எதிரான பழமைவாதம் என்று ஒதுக்க எனக்குத் தோன்றவில்லை. யாரும் கணக்கை மூடவில்லை, எந்தச் செயலியும் தடைசெய்யப்படவில்லை. ஒன்றரை மணிநேரத்துக்கு, யாரும் எதையும் தவறவிடாத ஒரு நிலையை அவர்கள் உண்டாக்கினார்கள். அந்த நேரத்தில் ஃபோனைப் பார்த்தாலும் ஊர் நண்பன் யாரும் அங்கே இருக்க மாட்டான்.

தமிழ்நாட்டில் இதற்கு வேண்டிய அமைப்புகள் ஏற்கெனவே இருக்கின்றன. கிராம சபை 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அரசுப் பள்ளிகளில் பெற்றோரைப் பெரும்பான்மையாகக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், பிள்ளைகளின் இன்ஸ்டாகிராமில் தொடங்க மாட்டேன். பெரியவர்களின் வாட்ஸ்அப் குழுவில் தொடங்குவேன். இரவு ஒன்பதரைக்கு ‘நாளை சார்ட் பேப்பர் கொண்டுவரவும்’ என்று வகுப்புக் குழுவில் செய்தி வரும்வரை அந்த வீட்டில் யாரும் ஃபோனை ஒதுக்கி வைக்க முடியாது. வீட்டுப்பாடம் மாலை ஆறு மணிக்குள் வந்துவிட வேண்டும், அதற்குமேல் குழுவில் யாரும் எதுவும் போடுவதில்லை, அவசரமென்றால் நேரடியாக அழைப்பது என்று ஒரு வகுப்பின் பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து முடிவெடுக்க ஒரே ஒரு கூட்டம் போதும். ஆசிரியருக்கும் அன்றிரவு நிம்மதி. ஏழாம் வகுப்புப் பெற்றோரில் பத்துப் பேர் சேர்ந்து, பத்தாவதுவரை தனி ஃபோன் இல்லை, தேவைக்கு அம்மாவின் ஃபோன் என்று முடிவெடுத்தால், அந்தப் பத்துப் பிள்ளைகளுக்கும் பேசிக்கொள்ள ஆள் இருக்கும். முதல் பெயரை யார் எழுதுவது என்பதில்தான் எல்லாக் கூட்டங்களும் தயங்கி நிற்கும். அதனால் ஒரே தாளில் பத்துப் பேரும் சேர்ந்து எழுதும்வரை எதுவும் தொடங்காது என்ற அந்த டெக்ஸஸ் விதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.